மூடியில் எழுதிய தட்டுகள்

நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் பென்சில். இப்போது வயது நாற்பத்தேழு; மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் புத்தம்புது வெள்ளைக் கோட்டோடு பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அவள் மனம் பின்னால் ஓடிவிடும். அவளுக்கும் அப்படி ஒரு கோடை இருந்தது. பத்து வாரம். அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறெப்போதும் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, அன்று செருப்பு கடித்துத் தொலைத்தது.

அந்த ஆராய்ச்சி நிலையம் கோடைப் பயிற்சிக்கு எடுத்தது எட்டே பேரை. தையல் வேலை பார்த்த அம்மா, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பஸ் ஓட்டுநரான அப்பா அவளுடைய வெள்ளைக் கோட்டை வேறு யாரையும் தொடவிடாமல் தானே இஸ்திரி போட்டார். பயிற்சி நல்லபடியாக முடிந்தால் ஆய்வுக்கூடத்துத் தலைவி, எல்லோருக்கும் மேடம், சிபாரிசுக் கடிதம் தருவார். கடிதம் கிடைத்தால் அங்கேயே மேற்படிப்புக்கு இடம். பென்சிலுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வேலை என்று பார்த்தால் சோறு போட்டு வளர்ப்பதுதான். புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள், உள்ளங்கை அகலத் தட்டுகள் ஆறு. மூன்றில் மருந்து, மூன்றில் மருந்தில்லை. தட்டுகளைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து, செல்களுக்கு உணவான சிவப்புத் திரவத்தை மாற்றி, திரும்ப உள்ளே வைக்க வேண்டும். "என்ன, எல்லாரும் நல்லாத் தூங்கினீங்களா?" என்று செல்களிடம் குசலம் விசாரிப்பாள். பக்கத்து மேஜைத் தோழி தலையில் அடித்துக்கொள்வாள். ஸ்பிரிட் வாசனையும் ஏசி உறுமலும் பழகி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதே வெறுத்துப் போயிற்று.

ஒன்பதாம் வாரம் செல்களுக்குச் சாயம் ஏற்றி எண்ணினாள். 'மருந்து' என்று எழுதிய தட்டுகளில் செல்கள் பாதிகூட இல்லை. சிரிப்பையே சிக்கனமாகச் செலவழிக்கிற மேடம் அன்று வாய்விட்டுச் சிரித்தார். பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை.

முடிவுகளை அட்டையில் ஒட்டி எல்லோருக்கும் காட்டும் நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, தோழி ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் பெயர் எழுதுவதைப் பென்சில் பார்த்தாள்.

"ஏன்டி அடியில எழுதுற?"

"மூடியில எழுதினா, கழட்டி வைக்கும்போது மாறிடுமே. முதல் நாளே சொன்னாங்களே, நீ எங்க இருந்த?"

முதல் நாள் பென்சில் மைக்ராஸ்கோப்பைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆறு தட்டுக்கும் மூடியில்தான் எழுதியிருந்தாள். மற்ற நாட்களில் ஒவ்வொன்றாகத் திறந்ததால் வம்பில்லை. சாயம் ஏற்றிய அன்று ஆறு மூடிகளையும் மொத்தமாகக் கழற்றி, இரண்டு அடுக்காக வைத்திருந்தாள். எந்த அடுக்கு எந்தப் பக்கம்? யோசித்து யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. சாயம் குறைவாகத் தெரிந்த தட்டுகளைப் பார்த்ததும், மருந்துதான் கொன்றிருக்கும் என்று 'மருந்து' மூடிகளை அவளே அங்கே வைத்துவிட்டாளா? அதுவும் தெரியவில்லை.

"மருந்துன்னா கொல்லத்தானே செய்யும்? பேசாம இருடி" என்றாள் தோழி.

அரை நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு மேடம் அறைக்குப் போய், மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள்.

"திரும்பச் செய்ய எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு வாரம் மேடம்."

மேடம் திட்டியிருந்தாலாவது தேவலை. "அட்டையிலேர்ந்து முடிவுப் படத்தை எடுத்துட்டு, அது ஏன் இல்லைன்னு காரணத்தை எழுது" என்று சொல்லிவிட்டுத் தன் காகிதங்களுக்குத் திரும்பிவிட்டார்.

ஏழு பேரின் அட்டைகளில் வண்ணப் படங்கள். அவளுடையதில் ஒரு வெற்றுக் கட்டம், அதற்குள் நான்கு வரி. அப்பா வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்து, அந்த நான்கு வரியையும் விரல் வைத்துப் படித்தார். அம்மா கிட்டே வரவே இல்லை, வாசல் பக்கமே நின்றுவிட்டாள்.

கடிதம் வரவில்லை. இடம் தோழிக்குக் கிடைத்தது. பென்சில் பரிசோதனைக்கூடப் படிப்பு படித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, மறு வருஷம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தோழி போன் செய்தாள். புதிதாக வந்தவர்கள் அதே சோதனையை இரண்டு முறை செய்து பார்த்தார்களாம்; இரண்டு முறையும் மருந்துத் தட்டுகளில்தான் செல்கள் பாதிகூட இல்லையாம்.

"நீ முதல்ல எண்ணினதுதான்டி சரி. உன் மூடி மாறவே இல்ல."

விஷயம் தெரிந்ததும் அம்மா கரண்டியை ணங்கென்று வைத்தாள். "நாலே நாள்! நாலு நாள் வாயத் திறக்காம இருந்திருந்தா அந்த இடம் உன்னோடதுடி! சரியாத்தானே செஞ்சிருந்த, யாரு உன்னப் போய்ச் சொல்லச் சொன்னா?"

அந்த அறையும், சூட்டுப் பெட்டியும், தன் ஆறு தட்டுகளும் பென்சிலின் கண் முன்னே நின்றன.

"சரின்னு எனக்கு அப்போ தெரியாதேம்மா" என்று சொல்லி, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே உடைந்து அழுதாள்.

அம்மா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அவளுக்குத் தெரியாதுல்ல" என்றார் அப்பா. "அப்புறம் எப்படிச் சொல்லாம இருப்பா?"