எதற்கென்று தெரியாத முடிச்சு

இருபத்து மூன்று வயதுக்குள் மூன்று மொழிகளில் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆங்கிலத்தில், காப்புறுதி அலுவலகத்தில் மலாயில், புத்தகக் கடையில் தமிழில். வார்த்தைகள் வேறு, பொருள் ஒன்றுதான்: நாளையிலிருந்து வர வேண்டாம். ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். "கெட்டிக்காரப் பெண்தான், ஆனால்" என்று இரக்கமாக ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனால்' வந்ததும் நான் கைப்பையைத் தேடத் தொடங்கிவிடுவேன். அதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

இதற்கு ஏ.டி.எச்.டி. என்று ஒரு பெயர் இருப்பதை, தலை நரைத்த பிறகு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். எழுபதுகளில் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் அதற்குக் 'கவனமில்லை' என்று பெயர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்தவர். சேர்ந்த நாளில் உட்கார்ந்த மேசையிலிருந்தே ஓய்வு பெற்றார். ஒவ்வொரு முறை நான் வேலை போய் வீடு திரும்பும்போதும், "உனக்குப் புத்தி இருக்குது பிள்ளை. ஆனா அது வீட்டில இருக்கிறேல்லை" என்பார். அடுத்த நாளே பேப்பரில் 'வேலை காலி' பக்கத்தை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

நான்காவது வேலை அப்படித்தான் கிடைத்தது. கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுனில், வெல்ட் கீ என்ற துறைமுகத் தெருவில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆப்பரேட்டர். முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு, கீழே செருகுவதற்குக் கயிறு கயிறாக வயர்கள். விளக்கு எரிந்தால் யாரோ பேசக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். கேட்டு, உரியவரின் துளையில் வயரைச் செருகிவிட வேண்டும்.

ஒரு ஃபைலை ஒரு மணி நேரம் பார் என்றால் செத்துப்போகிற என் மூளை, ஏழெட்டு விளக்குகள் சேர்ந்து எரிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு காதில் கப்பல் கேப்டன், அவரை விட்டால் சுங்கத்துறை, நடுவில் லோரிக்காக ஹொக்கியனில் கத்துகிற சீன முதலாளி. யாரை யாரோடு சேர்த்தேன், யார் காத்திருக்கிறார் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருந்தது. எனக்கு என்மேலேயே பிரமிப்பாக இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத தலைக்கென்றே ஒரு நாற்காலி இந்த உலகத்தில் இருந்திருக்கிறதே!

ஆனால் அங்கேயும் ஓர் 'ஆனால்' இருந்தது. ஆள் வெளியே போயிருந்தால் செய்தியை வாங்கி வைத்து, வந்ததும் சொல்ல வேண்டும். அடுத்த விளக்கு எரிந்ததும் முந்தின செய்தி என் தலையிலிருந்து கழன்றுவிடும். எழுதி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எழுதிய துண்டுச்சீட்டை எங்கே வைத்தேன் என்பதை எங்கே எழுதி வைப்பது?

தலைமைக் கிராணி ஒரு தமிழர், சிடுசிடுப்பானவர். இரண்டு செய்திகள் காணாமல் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மாசம் முடிஞ்சா உங்கள நிரந்தரமாக்கணும். இன்னொரு மெசேஜ் காணாமப் போச்சின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுலா."

அன்று முதல் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். அம்மா கடைக்குப் போகும்போது செய்வதுதான். ஒரு செய்திக்கு ஒரு முடிச்சு; சொல்லி முடித்ததும் அவிழ்க்க வேண்டும். முடிச்சோடு ஆசனத்தை விட்டு எழக் கூடாது. நைலெக்ஸ் சேலையில் முடிச்சு நிற்காமல் வழுக்கியது, காட்டனுக்கு மாறினேன். கெட்டிக்காரிகள் புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள் என்பார்கள். நான் ஒரு கப்பல் கம்பெனியையே முடிந்து வைத்திருந்தேன்.

மாதக் கடைசியில், துவைத்த காட்டன் சேலைகள் மழையில் காயாததால் ஒருநாள் நைலெக்ஸில் போனேன். அன்று பார்த்துத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒன்று பழுதாகி, மதியம் முழுக்கப் பலகை கார்த்திகை விளக்கீடு மாதிரி எரிந்தது. ஐந்து மணிக்குத் தலைப்பைப் பார்த்தேன். முடிச்சு எதுவும் கண்ணில் படவில்லை. நிம்மதியாக ஃபெரிக்கு நடந்தேன். படகில் ஏற வரிசையில் நின்று, காற்றில் பறந்த தலைப்பை இழுத்துச் செருகப் போனபோது விரலில் தட்டுப்பட்டது. ஓரத்தில், பாதி அவிழ்ந்த ஒரு முடிச்சு.

எதற்கு என்று தெரியவில்லை. யார் பேசினார்கள், யாருக்குச் சொல்ல வேண்டும், ஒன்றும் இல்லை. முடிச்சு மட்டும் இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன். பிறகு சனங்களை இடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

தலைமைக் கிராணி கதவைப் பூட்டப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன மறந்துட்டீங்க?"

"தெரியல சார்."

"தெரியலையா? என்னங்க இது!"

உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டேன். பலகை இருண்டு கிடந்தது. கண்ணை மூடிக் கையை அதன் போக்கில் விட்டேன். கை கடைசி வரிசையில் ஒரு வயரைப் பிடித்தது. பிடித்ததும் குரல் வந்தது. குரல் மட்டுமல்ல, பின்னால் தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிரீச்சொலி, பேசியவரின் இருமல், எல்லாம் அப்படியே வந்தன: 'டாக்டரு போவலாம்னுட்டாரும்மா. படித்துறையில வந்து நிக்கிறேன். கப்பல்ல சொல்லிடுங்க, என்ன வுட்டுட்டுப் போயிட வேணாம்னு.'

இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. காலையில் சாப்பிட்டதை மறந்துபோகிற தலை, அந்த இருமலைக்கூட விடாமல் வைத்திருந்தது.

நாகப்பட்டினத்துக் கப்பலாள் ஒருவர். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அவர் தேறாவிட்டால் விட்டுவிட்டுப் புறப்படுவது என்று ஏற்பாடு. தேறிவிட்டார், போன் செய்தார், நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படுகிறது.

முடிச்சையும் செய்தியையும் சொன்னதும் தலைமைக் கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்துத் துறைமுகச் சிக்னல் நிலையத்தைப் பிடித்துக் கப்பலுக்கு ரேடியோவில் சொல்ல வைத்தார். "ஆறு மணிக்கு மேல அரை மணி நேரந்தான் நிப்பாங்களாம். வாங்க!" என்று எனக்கு முன்னால் படி இறங்கினார்.

படித்துறையில் அந்த மனிதர் மடியில் துணிமூட்டையோடு, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த தன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெரிக்குப் போகும்போது அவரைக் கடந்துதான் நடந்திருக்கிறேன். கம்பெனியின் மோட்டார் படகான லாஞ்சு கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. "நீங்களே கூட்டிட்டுப் போயி ஏத்தி விடுங்க" என்றார் தலைமைக் கிராணி. லாஞ்சு நகர்ந்த பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "நாளைக்கு வெள்ளன வாங்க! காட்டன் சேலையாக் கட்டிக்கிட்டு வாங்க!"

அதுவரை எனக்குக் கப்பல் என்றால் பலகையில் ஒரு விளக்கு. கிட்டே போனபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு இரும்புச் சுவர் தண்ணீரிலிருந்து எழுந்து நின்றது. இத்தனை பெரியது, என் சேலைத் தலைப்பில் ஒரு சின்ன முடிச்சுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது! உச்சியில் சின்னச் சின்னத் தலைகள் எட்டிப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டன. ஏணி இறங்கியது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சொல்லிட்டாப் போதும்னு இருந்தேம்மா. நீங்களே வந்து ஏத்தி வுடுறீங்களே!"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

ஃபெரியில் வீடு திரும்பும்போது அந்தக் கப்பல் வடக்கே போவதற்காக எங்கள் ஃபெரி ஒதுங்கி நின்றது. சைக்கிள்காரர்களும் காய்கறிக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாலை வெயில் அதன் ஒரு பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. அது கடந்து போகும்வரை நான் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டர்வொர்த் இறங்குதுறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் நேரத்துக்கு வராத மாலைகள் அவருக்குப் பழக்கம். வேலை போன மூன்று முறையும் வீட்டுக்கு வர மனமில்லாமல் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அக்குளில் பேப்பர். எந்தப் பக்கத்தை மடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"போனாப் போகட்டும் பிள்ளை. வேற பாப்பம். வா, வந்து சாப்பிடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

அப்போதுதான் தலைமைக் கிராணி கத்தியது எனக்கு உறைத்தது.

"அப்பா, தலைமைக் கிராணி என்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

அப்பா நின்றார். "திருப்பிச் சொல்லு" என்றார். நான் திருப்பிச் சொன்னேன்.