திறந்து பார்க்காத நகல்கள்

ராயபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் விவரம் வழியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த இணைப்பை மட்டுமே ஏற்கும்படி டேட்டாபேஸை மாற்றினேன். தினமும் நகல் எடுக்கும் பேக்கப் மென்பொருளுக்கு அப்படி இணையத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. இணைய முடியாமல் போனாலும், எச்சரிக்கை எதுவும் தராமல் அது வழக்கம்போல் தினமும் ஒரு கோப்பைச் சேமித்தது. பழைய நல்ல நகல்களை மாதம் ஒருமுறை அழித்தது. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை.

சில மாதங்களில் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. பேக்கப் கோப்புகளைத் திறந்தேன். எல்லாம் காலி. மென்பொருளைச் செய்தவருக்கு எழுதினேன். மறையாக்க இணைப்பில் நகல் எடுக்கும் வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று பணிவாகப் பதில் போட்டார்.

அந்த வாரமே காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், கணவரின் ஆபரேஷனுக்காகப் பழைய ரிப்போர்ட் கேட்டு வந்தார். அழிந்துவிட்டது என்றேன்.

"இன்னா நைனா, எல்லாம் கம்ப்யூட்டர்ல கீது, பேப்பர் வாணாம்னு நீதான சொன்ன?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான்."

"யார் தப்பா இருந்தா இன்னா? டாக்டராண்ட நான் இன்னான்னு சொல்றது?"

கணவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டேன்; அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு நினைவிருந்த மாத்திரைகளின் நிறங்களை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துக்கொண்டு போனார்.