தலைகீழாகத் தொங்கும் பலகை

என் வீட்டுக் கூடத்து உத்தரத்தில் ஒரு பலகை தலைகீழாகத் தொங்குகிறது. அதிலிருந்து மூங்கில் குச்சிகள் நெட்டையும் குட்டையுமாகத் தரையைப் பார்த்து நீண்டிருக்கும். அதில் தலையை இடித்துக்கொள்ளாத விருந்தாளி கிடையாது. கழற்றச் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

அறுபதுகளில் கடலூரில் நான் வரைபடம் வரைபவனாக இருந்த பொதுப்பணித்துறை அலுவலகத்தின் ஓவர்சியர் செய்தது அது. குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்து வெள்ளம் புகுந்து வடிந்ததும், ஊர் ஊராக நடந்து, சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடுகளை நாடாவால் அளந்து வந்தார். "காயிதத்துல எழுதுனா எவன் பாக்குறான்? கண்ணுல குத்தணும்பா" என்று பலகையில் வரைபடம் ஒட்டி ஊருக்கொரு குச்சி நட்டார். தண்ணீர் ஏறிய அளவுக்கேற்ப நீளம். "மேல 'தண்ணி ஒசரம்'னு போடுப்பா" என்றார் என்னிடம். இடம் போதவில்லை. என் அழகான எழுத்தை நெருக்கியடிக்க மனம் வராமல் 'உயரம்' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த மழையில் ஆறு மறுபடி ஏறியது. சிதம்பரத்தில் அவசரக் கூட்டம்; பலகையோடு நாங்கள் இருவரும் போயிருந்தோம். வாசலில் படகுகளை ஏற்றிய லாரி உறுமிக்கொண்டிருந்தது. படகுகள் நான்குதான். அவற்றை அனுப்பவேண்டிய அதிகாரி பலகையைப் பார்த்தார். நெட்டைக் குச்சிகளைத் தொட்டு, "இதெல்லாம் உயரமான ஊரு, தண்ணி ஏறாது. குட்டையா இருக்கிற ஊருக்கு அனுப்புங்க" என்றார். லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் எழுதாமல் விட்ட 'தண்ணி' அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் தூணோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

ஓவர்சியர் பாய்ந்து பலகையைத் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தார். நெட்டைக் குச்சிகள் இப்போது எல்லாவற்றுக்கும் கீழே தொங்கின. "ஐயா, இப்பப் பாருங்க. அவுங்கதான் அடியில கெடக்குறாங்க. அங்கதாங்கய்யா தண்ணி ஜாஸ்தி." அதிகாரி அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு ஓடி, "வண்டிய நிறுத்து!" என்று கத்தினார்.

லாரி சரியான ஊர்களுக்குக் கிளம்பிய பிறகு அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "உயரம்னு எழுதுன முட்டாள் யாரு?"

"நான்தாங்கய்யா" என்றார் ஓவர்சியர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம். அவரும் அதைப் பேசவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்ன நானும் பேசவில்லை. ஓய்வு பெறும்போது பலகையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவர் இல்லை.

நேற்று வந்த சம்பந்தியும் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடி, "எந்த முட்டாள்ங்க இத இங்க மாட்டுனது?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். அன்று சிதம்பரத்தில் வராத வார்த்தை, இப்போதெல்லாம் சட்டென்று வந்துவிடுகிறது.