ஊதா மூடிக் குழாய்

"இந்த ஆளுக்குப் பொட்டாசியம் எட்டே முக்கால்" என்று லேப் சூப்பர்வைசர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துச் சொன்னார். "கால்சியம் பாதிகூட இல்ல. இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணுமே. வார்டுக்குப் போன் போட்டுக் கேளும்மா."

கேட்டேன். "நல்லாத்தான் இருக்காராம் சார். சாப்பாடு ஏன் இன்னும் வரலைன்னு நர்ஸ்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்காராம்."

"அப்போ பொய் சொல்றது ரத்தம்தான். யார் எடுத்தது?"

எனக்குப் பின்னால் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த, என் வகுப்பில் லேப் டெக்னாலஜி படிக்கும் அக்கா திரும்பினார். "நான்தான் சார்."

"எடுக்கும்போது என்ன ஆச்சு?"

"நரம்பு சரியா கிடைக்கல. சிரிஞ்சுல வந்ததை முதல்ல ஊதா மூடியில விட்டுட்டேன். மஞ்சள் மூடிக்குப் பத்தல. அதான் ஊதாவிலேர்ந்து கொஞ்சம் எடுத்து ஊத்தினேன்."

"பால்காரர் அளந்து ஊத்துற மாதிரியா?"

மைக்ரோஸ்கோப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சூப்பர்வைசர் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "ஏதோ அவசரத்துல இன்னைக்கு ஒரு நாள் இப்படிப் பண்ணிட்டீங்க. அப்படித்தானே?"

அக்கா வாயைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "இல்ல சார். பதினோரு வருஷமா இப்படித்தான்."

சூப்பர்வைசர் பேனாவை மூடிவிட்டார்.

ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்க ஓர் உப்பு தடவியிருப்பார்கள். அந்த உப்பிலேயே பொட்டாசியம் இருக்கிறது. ரத்தத்திலுள்ள கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். அதிலிருந்து சிறிதளவு, பொட்டாசியமும் கால்சியமும் பார்க்கிற மஞ்சள் மூடிக் குழாய்க்குப் போனாலும் உயிரோடு நடமாடுகிறவரைக் கருவி சாகக் கிடப்பவராகக் காட்டும். அதை நம்பி மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தால், நன்றாக இருந்தவர் நிஜமாகவே ஆபத்தில் மாட்டுவார். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. அக்கா முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். அவருக்குப் பாடத்தை விளக்கியது நான்தான்.

வகுப்பில் அவரை ஊசியக்கா என்போம். முப்பத்தொன்பது வயது. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் ஆசிரியர் என்று நினைத்து அறை முழுவதும் எழுந்து நின்றது. "உக்காருங்க, உக்காருங்க. நானும் அட்டெண்டன்ஸ் குடுக்கத்தான் வந்திருக்கேன்" என்றார். அதற்கு முன் ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் உதவியாளராக இருந்தவர். வலிக்காமல் எடுப்பார் என்று நோயாளிகள் அவருக்காகக் காத்திருப்பார்களாம்; ஊசியக்கா என்ற பெயரும் அங்கே வந்ததுதான். நானும் என் கையை நீட்டியிருக்கிறேன். பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் எடுத்து முடித்துவிட்டார் என்றே தெரிந்தது.

பாடப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படிப்பார். நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால், இடைவேளைகளில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, "அட, இதுக்கா இவ்வளவு நீளமா எழுதியிருக்கான்!" என்பார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் வீட்டில் அவருக்கு எழுத்துப்பிழை திருத்துவாள். "சீக்கிரம் பாஸ் பண்ணும்மா, இல்லேன்னா நானும் உன் கிளாஸுக்கே வந்துடுவேன்" என்று மிரட்டுவாளாம்.

அக்கா முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் தொழில்நுட்பர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. அவர் படிக்கச் சேர்ந்தபோதே, இந்தப் பருவத்துக்குள் பட்டத்தோடு வந்தால் அந்த இடம் அவருக்கே என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான்கு ஆண்டுகளாக அக்காவின் வீடு அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடியது. ஒரு தடவை நடந்த பிழை என்றால் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். பழக்கம் என்றால், ரத்தம் எடுக்கும் பயிற்சியை ஆறு வாரம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது விதி. அப்படியானால் தேர்வு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும்.

அன்று மாலை மாடிப்படியில் கேட்டேன்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"அவர் பேனாவைத் திறந்து வச்சிருந்தார்ல. அதைப் பார்த்ததும் வரல." இரண்டு படி இறங்கி நின்றார். "பரீட்சையில நல்லாத்தான் எழுதினேன். அது புத்தகத்துல இருக்கிற குழாய்னு நினைச்சுட்டேன் போல. எத்தனை பேருக்கு இப்படி ஊத்தியிருப்பேன்னு நேத்து வரைக்கும் யோசிச்சதே இல்ல."

அவர் செய்தது அசட்டுத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். 

மறுநாள் மேலாளருக்குப் போன் செய்து, தேர்வு தள்ளிப்போவதை மட்டும் சொன்னார். ஒரு பருவம்தானே, இடத்தை வைத்திருக்கப் பார்க்கிறேன், மேலே கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாராம் அவர். அக்காவின் கணவர் அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று அக்காவே சொன்னார். நானும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எண்ணினேன்.

ஆனால் இரண்டு நாள் அவர் பயிற்சியில் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மூடியைத் தொடுவது என்று பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நோயாளி, "ஏம்மா, நீங்க புதுசா?" என்று கேட்டுவிட்டார். "ஆமாங்க" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் கேன்டீனில், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் காத்திருந்தார். பிறகு ஒரு கோடு போட்ட தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"என் பழைய ஆஸ்பத்திரியில ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. என் இடத்துக்கு வந்தவங்க. நான்தான் பழக்கிவிட்டேன். பத்தலேன்னா ஊதாவிலேர்ந்து ஊத்திக்கோங்கன்னு சொன்னதும் நான்தான். இனிமே அப்படிப் பண்ணாதீங்கன்னு போன்ல சொன்னேன், சிரிக்கிறாங்க. நீங்கதானே அக்கா சொல்லிக் குடுத்தீங்கங்கிறாங்க."

"மேலாளருக்கு எழுதினா அந்த வேலை..."

"தெரியும். அவருக்கு மேல இருக்கிற பெரிய டாக்டருக்கே எழுதணும். தமிழ்ல நானே எழுதிடுவேன். ஆனா ஊசியக்கா என்னமோ எழுதியிருக்காங்கன்னு மேசையில போட்டுடுவாங்க. நீ இங்கிலீஷ்ல எழுதிக் குடு. பதினோரு வருஷம்கிறதை முதல் வரியிலயே போடு. மன்னிப்பு கின்னிப்புன்னு நீயா எதையும் சேர்க்காதே."