பணியுரிமத் தேர்வில் நான் சொன்ன பிழைச்சொல்

ஈராயிரத்து ஆறாம் ஆண்டு, பனி உருகத் தொடங்கியிருந்த பங்குனி மாதம். ஒஸ்லோ நகரின் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் நான் பேச்சிழந்து கிடந்தேன். மூளையில் ஏற்பட்ட குருதியடைப்பு வலக்கையையும் நாவையும் ஒருங்கே முடக்கிவிட்டது. பிறர் பேசுவது விளங்கும். பொருளைக் கண்டால் இன்னதென்று தெரியும். அதன் பெயர் மட்டும் வாயில் வராது, வந்தாலும் வேறொன்றாய் வரும். வாழ்நாள் முழுதும் தமிழ் கற்பித்தவனுக்கு நேர்ந்த நிலை அது.

முதலில் தாய்மொழியில் பயிற்சி வேண்டும் என்றார் அங்கிருந்த பேச்சு வல்லுநர். நோர்வே நாட்டவரான அவருக்குத் தமிழ் தெரியாது. ஆதலால் ஒரு பெண்மணியை அழைத்துவந்தார். தமிழ்நாட்டிலிருந்து, கணவரின் கணினிப் பணியை முன்னிட்டு இங்கு வந்தவர். சென்னையில் பேச்சுப் பயிற்சி உதவியாளராகப் பணியாற்றியிருந்தும் அந்தச் சான்றிதழ் இங்கு செல்லுபடியாகவில்லை. மீண்டும் படித்து, மேற்பார்வையில் பயின்று, இறுதியில் வல்லுநரின் கண்முன்னே ஒரு நோயாளிக்குப் பயிற்சி நடத்திக் காட்டினால்தான் பணியுரிமம். பயிற்சியை வகுப்பது வல்லுநரின் பொறுப்பு. வகுத்தபடி நடத்துவதும், நோயாளி சொன்னதை உள்ளபடி அறிவிப்பதுமே உதவியாளரின் எல்லை.

முதல் நாள் அப்பெண்மணி ஒரு படத்தைக் காட்டினார். நெடுநேரம் தேடி, "திறப்பு" என்றேன். "சாவி" என்ற விடையை எதிர்பார்த்திருந்த அவர் பிழையென்று குறித்தார். அருகிலிருந்த என் துணைவியார் சிரித்துவிட்டார்.

"பிள்ளை, எங்கட ஊரிலை அது திறப்புத்தான். நீங்கள் கதைக்கிறது சினிமாத் தமிழ்."

"அப்போ உங்க வீட்ல எதை எப்படிச் சொல்வீங்கன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்துருங்கம்மா" என்று அவரும் சிரித்தார். அன்றே எல்லாப் படங்களுக்கும் எங்கள் வீட்டு வழக்கைக் கேட்டறிந்துகொண்டார். அதன்பின் துணைவியாருக்கு அவர்மீது தனிப் பரிவு. நகரின் புறத்தே நாங்கள் குடியிருந்த புருசெத்திலிருந்து வரும்போதெல்லாம் இடியப்பம் கட்டிக்கொண்டு வருவார். தேர்வில் தவறினால் அப்பெண்மணி அடுத்த தேர்வுவரை வேலையின்றிக் காத்திருக்க வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

என்னைக்கொண்டே நடந்த தேர்வு நாளன்று துணைவியார் வழக்கம்போல் என்னருகில் இருக்க, வல்லுநர் சற்றுத் தள்ளி அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையும் விளக்குமாறும் ஒருவாறு வந்துவிட்டன. அடுத்து வந்தது கத்தரிக்கோலின் படம். நான் தேடினேன். பெண்மணி குறுக்கிடாமல் காத்திருந்தார்.

"அகப்பை" என்றேன்.

சொன்ன கணமே பிழையென்று தெரிந்தது. திருத்துவதற்குச் சரியான சொல் வரவில்லை. சரிதானா என்று வல்லுநர் வினவ, துணைவியார் முந்திக்கொண்டார். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு அப்படித்தான் பெயர் என்று நோர்வே மொழியில் உறுதிபடக் கூறினார். நான் தலைகுனியக் கூடாது, என் பிழையால் அந்தப் பெண் தேர்வில் தவறிவிடவும் கூடாது என்று சொன்ன பொய் அது. வல்லுநர் ஐயுறவில்லை; உறுதிப்படுத்திக்கொள்ளப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். ஓர் ஆமாம் போதுமாயிருந்தது. மறுக்க வல்லவர் அறையில் வேறு எவருமில்லை.

பெண்மணி என்னை நோக்கினார். பின்னர், அது பிழையான சொல், அன்பினால் அம்மையார் அவ்வாறு சொல்கிறார் என்று தணிந்த குரலில் அறிவித்தார். குடும்பத்தார் குறுக்கிட்டுவிட்டதால் இத்தேர்வைக் கணக்கில் கொள்ள இயலாது, வேறொரு நோயாளியோடு மீண்டும் நடத்த வேண்டும் என்று வருத்தத்துடன் கூறி வல்லுநர் வெளியேறினார்.

துணைவியாருக்குக் கண் கலங்கிவிட்டது. சினமும் இருந்தது.

"ஏன் பிள்ளை, ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது?"

"ஐயாவுக்கு விளங்கும்மா. இன்னிக்கு அவர் தப்பாச் சொன்னதைச் சரின்னு சொல்லிட்டேன்னா, நாளைக்கு அவர் சரியாச் சொல்றப்போ நான் சரின்னு சொல்றதை அவர் எப்படி நம்புவார்?"

துணைவியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். பெண்மணியின் கையைப் பற்றிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி காத்திருந்து, அடுத்த தேர்வில் வென்று உரிமம் பெற்று, எனக்குப் பயிற்சியைத் தொடர்ந்தார். எனக்கும் பேச்சு மெல்ல மெல்ல, முழுதுமாக அன்றாயினும், மீண்டது. இடைப்பட்ட காலத்தில் உறவினரும் நண்பரும் என் தடுமாற்றங்களையெல்லாம் அருமை, அருமை என்று பாராட்டினர். அவர்களின் நன்மனத்தை நான் அறிவேன். ஆயினும், அந்தப் பெண்மணி ஒருவர் "சரி" என்று சொன்ன சொற்களை மட்டுமே மீண்டும் என்னுடையவை என்று நம்பினேன்; இன்று நான் பேசுவதெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வளர்ந்த பேச்சே.