தங்கம் முனகும் சத்தம்

ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறு டிப்போ வரை நடந்தே வந்தேன், வழியில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்து ஓடினேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு படிப்பை விட்டு மூன்று மாநிலம் சுற்றியவன் நான், மழைக்குச் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி அங்கேயே தூங்கியும் இருக்கிறேன். பேய் பிசாசு எதையும் நம்பியதில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்போது எனக்குக் கடற்கரையில் பிழைப்பு. பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜனங்கள் தொலைத்துவிட்டுப் போனதை மணலில் தேடுவேன். அதற்குக் கண் வேண்டாம், ஹெட்போன் மாட்டிய காது போதும். ஆணி என்றால் பன்றி மாதிரி உறுமும். காசு என்றால் சைக்கிள் மணி. தங்கம் இரண்டுக்கும் நடுவில், மங்கலாக முனகும். பீர் டின்னின் வளையமும் அப்படியே முனகித் தொலைக்கும் என்பதால் தோண்டாமல் எதுவும் நிச்சயமில்லை.

அன்று காலை மீன் விற்கும் செல்வியக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். விடியற்காலையில் படகைத் தள்ளிவிட்டபோது மஞ்சள் கயிறு அறுந்து தாலி மணலில் விழுந்துவிட்டதாம்.

"மாமா கடல்ல கீறாரு நைனா. அவரு கரையேர்ற வரைக்கும் கழுத்து காலியா இருக்கக் கூடாது. எப்டியாவது எடுத்துக் குடு."

"அதுவரைக்கும் ஒரு மஞ்சக் கெழங்க கட்டிக்கோயேன்க்கா."

"அத்தக் கட்டினா, தாலி போச்சுன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவும். மசமசன்னு நிக்காத, காதுல மாட்டு."

படகு நின்ற இடத்திலேயே முனகியது. முழங்கை ஆழம் தோண்டினேன், தண்ணீர்தான் ஊறியது. அள்ளிப் போட்ட மணலைக் கருவியால் தடவினால் சத்தமில்லை, குழியிலும் இப்போது சத்தமில்லை. உப்பு ஈரத்தில் கருவி உளறும், அது எனக்குத் தெரியும், அதனால் காய்ந்த மணலுக்கு வந்தேன். அங்கேயும் முனகியது. தோண்டினால் ஒன்றுமில்லை. நான் போகும் இடமெல்லாம் அக்கா மணலை நோக்கிக் குனிந்தபடி ஒட்டிக்கொண்டே வந்தார், தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் தள்ளிப் போனதும் சத்தம் நின்றது.

நம்பினால் நம்புங்கள். கருவியின் அடியிலுள்ள வட்டத்தை அவர் காலருகே கொண்டுபோனேன், சத்தமில்லை. இடுப்பருகே, சத்தமில்லை. கழுத்துக்கு நேரே பிடித்ததும் முனகியது. ரவிக்கை ஊக்காக இருந்தால் உறுமியிருக்கும். அந்தக் கழுத்தில் கயிறு பதிந்த தடம் தவிர எதுவும் இல்லை, காதிலும் மூக்கிலும் பிளாஸ்டிக்தான். ஹெட்போனைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். கேட்டுவிட்டு வெறுங்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா நைனா இது?"

எனக்கு என்ன தெரியும்? வாங்கியபோது தங்கத்துக்கு இந்தச் சத்தம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான் என் படிப்பு.

அதற்குள் படகு வந்துவிட்டது. அக்காவின் புருஷன் குதித்து இறங்கி நேராக அவரிடம் வந்தார். அக்கா முந்தானையை இழுத்துக்கூட மூடவில்லை. புருஷன் அக்காவின் கழுத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, தாலில ஒரே மணலா கீது? தொடச்சி உள்ள போடு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கழுத்தைப் பார்த்தேன், வெறும் தோல். பிறகு அக்கா தலையைக் குனிந்து, இரண்டு விரலால் எதையோ துடைத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். நான் நடக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கருவியை வழியில் ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டேன். மறுநாள் காலை தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வேலை கேட்டேன், வருகிறவர்களைத் தடவிப் பார்க்கும் கைக்கருவியைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரே சத்தம்தான், எந்த உலோகம் என்று சொல்லாது. பெண்களுக்குத் தனி வரிசை, திரைக்குப் பின்னால் ஒரு பெண் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சரி என்றேன்.