தேசிங்கு ஒரு கப்பலில், கட்டுமரம் இன்னொரு கப்பலில்

துறைமுக ஆபீசில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் வாரமே என்னைக் கப்பலேற்றிவிட்டார்கள். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்திருந்த புதிது. ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலும் ஒரு இந்தியப் போர்க்கப்பலும் நம் கடலில் கூட்டுப் பயிற்சி நடத்தின. குறுக்கே வரும் கட்டுமரங்களைத் தமிழில் விலகச் சொல்வதற்காகப் பிரெஞ்சுக் கப்பலில் நான்.

கிளம்பும்போது கடல் பாலத்தில் வைத்திக்குப்பத்து அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முசியே, எங்க ஊட்டுக்காரரு தேசிங்கு நேத்து போனவரு இன்னும் வரல. பாத்தா இட்டாந்துடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடலைத் திரும்பிப் பார்த்தேன்.

மதியம் ஆளைப் பார்த்தோம். பாய் கிழிந்து, கட்டுமரத்தில் தனியாக அலைபட்டுக்கொண்டிருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏணியை இறக்கி, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"மரத்தயும் தூக்குவீங்களா?" என்றார் தேசிங்கு.

"எங்கள் கிரேன் பழுது. ஆள் மட்டும்" என்றார் எங்கள் கப்பலின் தலைவர், கப்பித்தேன்.

"அப்ப நீங்க கெளம்புங்க. மரத்த உட்டுட்டு நான் சோத்துக்கு என்னா பண்றது?"

கெஞ்சினேன், திட்டினேன், மனுஷன் அசையவில்லை. இந்தியக் கப்பல் விளக்குச் சைகையில் உதவி வேண்டுமா என்று கேட்டது. கப்பித்தேன் வீறாப்பாக "வேண்டாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"முசியே, இவர் பெண்டாட்டி பாலத்தில் நிற்கிறாள். அவளுக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்களா?"

கப்பித்தேன் என்னை முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்தார். "அது முடியாது. கூப்பிடு அவர்களை!"

இந்தியக் கப்பலின் கிரேன் கட்டுமரத்தை வலையோடு தூக்கியது. அதன் பிறகே தேசிங்கு நீந்திவந்து எங்கள் ஏணியில் ஏறினார். ஏறியதும் கப்பித்தேனிடமே போய் நின்றார்.

"ஐயா, அந்தக் கப்பல உட்டுடாதீங்க. என் மரம் அதுலதான் போவுது."

மொழிபெயர்த்தேன். கப்பித்தேன் சல்யூட் அடித்தார்! இரண்டு கப்பலும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில் கரைக்குத் திரும்பின. காலையிலிருந்து அதைத்தான் பழகி, ஒருமுறைகூடச் சரியாக வராமல் இரண்டு கப்பலும் திணறியிருந்தன.

கப்பலின் படகில் பாலத்துக்கு வந்திறங்கிய புருஷனின் தலை, தோள், முதுகெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அந்தம்மா அழுதாள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு நாட்டுக் கப்பல்கள் ஒத்துப்போக வேண்டுமென்றால், அவற்றுக்கு நடுவே அசையாமல் உட்கார ஒரு தேசிங்கு வேண்டும்.